வானிலை பற்றிச் சும்மா பேசுவது எப்படி

இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுக்கிற பிழைப்பு இருக்கிறதே, அது தண்ணீரில் இறங்கியே அறியாத ஒருத்தி கரையில் நின்றுகொண்டு, "கையை இப்படி வீசு, காலை அப்படி உதை" என்று ஆற்றில் தத்தளிக்கிறவனைப் பார்த்துக் கத்துகிற பிழைப்பு.

நான் அமெரிக்காவைப் பார்த்ததில்லை. சொல்லப்போனால் திருச்சி ஏர்போர்ட்டின் உள்பக்கத்தையே பார்த்ததில்லை. சித்தி பையனை மஸ்கட்டுக்கு வழியனுப்பப் போய், வெளிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதோடு சரி. ஆனாலும் திருவாரூரில், ஒரு உரக்கடை மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, 'அமெரிக்கன் ஸ்டைல் ஸ்போக்கன் இங்கிலீஷ்' என்று போர்டு மாட்டி ஏழு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். கீழே மூட்டை இறக்கினால் மேலே எங்களுக்குக் கண் எரியும். டியூஷன், தையல் கிளாஸ், கம்ப்யூட்டர் சென்டர் என்று ஏதாவது ஒரு மாடியில் போர்டு மாட்டிப் பிழைக்கிற என் சக பாவிகளே, உங்களுக்குச் சொன்னால்தான் இந்த வயிற்றெரிச்சல் புரியும்.

கிளாஸில் நாங்கள் ரெண்டு பேர். இலக்கணத்துக்குத் தேவசகாயம் சார். பொறையாறுக்காரர், முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எடுத்து ஓய்வு பெற்றவர், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாதிரியார் பிரசங்கத்திலேயே பிழை கண்டுபிடிப்பவர். பேச்சுக்கு நான். எங்கம்மா நடவு நட்டு என்னை எம்.ஏ. வரைக்கும் கொண்டுவந்தாள். அந்த எம்.ஏ.வில் எனக்கு ஒரு பெரிய யோசனை உதித்தது. புத்தகத்தை வைத்து நடத்தினால்தானே தூங்குகிறார்கள்? அமெரிக்கச் செய்தியைத் தினமும் போனில் எடுத்துப் படிக்க வைப்போம், அங்கே ஜனங்கள் எப்படிச் சாப்பிடுகிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள் என்று சொல்லிக்கொடுப்போம், பாஷை தானாக வரும் என்று நினைத்தேன். பாஷை வந்ததா என்று கடைசியில் சொல்கிறேன்.

உன்னைப் பற்றி நீயே

ரோஸ்லின் எங்களிடம் வந்தபோது அவளுக்கு முப்பத்தொரு வயசு. வேதாரண்யத்துக்குப் பக்கத்துக் கிராமம். திருவாரூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டிக்கும் டியூட்டிக்கும் நடுவே படித்து, அமெரிக்காவில் நர்ஸ் வேலைக்கான பரீட்சையை ஒரே தடவையில் பாஸ் பண்ணினவள். புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். ஏழு வயசு மகள் ஜெனி, ஊரில் ரோஸ்லினுடைய அம்மாவோடு இருந்தாள். பெரிய புயலில் அவர்கள் வீட்டுக் கூரை பறந்துபோய், அதற்கப்புறம் மேலே தார்ப்பாய்தான். மாசம் ஒருமுறை நாகப்பட்டினத்துக்கு ஒரு பஸ், அங்கேயிருந்து இன்னொரு பஸ் பிடித்துப் போய் மகளைப் பார்த்துவிட்டு வருவாள். "எனக்கு அமெரிக்கா மேல ஆசையெல்லாம் இல்ல மிஸ். பறக்காத கூரை, பக்கத்துல பொண்ணு. அது போதும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

ஆளெடுக்கிற அமெரிக்க ஆஸ்பத்திரி வீடியோவில் நேர்காணல் வைக்கும். மூன்று தடவைதான். மூன்றாவதும் போனால் முடிந்தது என்று ஏஜென்சி சொல்லியிருந்தது. முதல் தடவை தோற்றுவிட்டுத்தான் எங்களைத் தேடி வந்தாள். என்னம்மா கேட்டார்கள் என்றேன். "உங்களை நாங்கள் ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்?" என்று கேட்டார்களாம். இவள், "என்னைவிட நல்ல நர்சுகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், எங்கள் வார்டில் லீலா சிஸ்டர்தான் எல்லாரையும்விடக் கெட்டிக்காரி" என்று சொல்லி, லீலா சிஸ்டருடைய போன் நம்பரையும் கொடுத்திருக்கிறாள். கிழிந்தது போங்கள்.

அமெரிக்காவில் அவரவர் புகழை அவரவர்தான் பாடவேண்டும், கூச்சப்பட்டால் உனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொள்வார்கள் என்று ஒரு வாரம் தொண்டை கிழியச் சொன்னேன். சரி, நீ செய்ததிலேயே பெரிய காரியம் எது, அதைச் சொல்லு என்றேன். கேட்டுக் கேட்டுத்தான் சொன்னாள். பெரிய புயலன்று ஆஸ்பத்திரி ஜெனரேட்டர் தண்ணீரில் மூழ்கி, மூச்சு மெஷின் நின்றுபோய், பிறந்து மூன்று நாளான ஒரு குழந்தைக்குக் கையாலேயே பலூனை அமுக்கி அமுக்கி ஆறு மணி நேரம் காற்று கொடுத்திருக்கிறாள். அதே நேரத்தில் அங்கே ஊரில் அவள் வீட்டுக் கூரை பறந்துகொண்டிருந்தது. குழந்தை பிழைத்தது. "அடிப்பாவி, இதை அவங்ககிட்ட ஏன்டி சொல்லல?" என்று நான் கத்தியே விட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"அது என் வேலை மிஸ். செஞ்ச வேலைய நானே பெருமையா சொன்னா அசிங்கமா இருக்காது?"

புல்

இன்னொருவர் கோவிந்தராசு. ஐம்பத்திரண்டு வயசு, திருத்துறைப்பூண்டிப் பக்கம் கடைமடையில் நாலு ஏக்கர். அவர் இங்கிலீஷ் படிக்க வந்த காரணம் எந்த விளம்பரத்திலும் போட முடியாதது. மாசா மாசம் கலெக்டர் ஆபீசில் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும். இவர் வாய்க்கால் தூர்வாரச் சொல்லி மனு கொடுப்பார். மேடையிலிருக்கும் அதிகாரி மனுவை வாங்கிக்கொண்டு தமிழில் "ஆவன செய்கிறோம்" என்பார். அப்புறம் பக்கத்திலிருக்கும் அதிகாரியிடம் குனிந்து இங்கிலீஷில் ஏதோ சொல்வார். ரெண்டு பேரும் சிரிப்பார்கள். அந்த இங்கிலீஷ் என்ன என்று கோவிந்தராசுக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காக வாரம் மூன்று நாள் பஸ் ஏறி வந்தார்.

அவர் வந்த ரெண்டாவது வாரம் நான் எடுத்த செய்தி, அமெரிக்காவில் ஒரு ஊரில் ஒருத்தர் வீட்டு வாசலில் புல் அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டதற்காக அவருக்கு அபராதம் போட்டது. எளிய செய்தி, நல்ல வார்த்தைகள் வரும் என்று நம்பி எடுத்தேன். கோவிந்தராசு கையைத் தூக்கினார். புல் தானாக முளைத்ததா என்றார். இல்லை, விதை வாங்கித் தெளிப்பார்கள் என்றேன். தண்ணீர்? குழாயில் தினமும் பாய்ச்சுவார்கள். உரம்? அதுவும் போடுவார்கள். அறுத்து? அறுத்து மூட்டை கட்டி வாசலில் வைத்தால் குப்பை வண்டி வந்து எடுத்துப் போகும் என்றேன். மாடு? வீட்டில் மாடு வைத்துக்கொள்ள விடமாட்டார்கள் என்றேன்.

அந்த வருஷம் ஆற்றுத் தண்ணீர் அவர் வயல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குறுவை போடவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் நான் இந்தச் செய்தியை எடுத்திருக்கவே கூடாது என்று புரிந்துவிட்டது. தாமதமாகத்தான் புரியும் எனக்கு. அன்றைக்கு ஒரு வாக்கியமும் நடக்கவில்லை. மனுஷன் நோட்டை மூடி வைத்துவிட்டு என்னைக் கேட்டார்.

"டீச்சர், தண்ணி பாய்ச்சி, உரம் போட்டு, பயிர வளத்து, அறுத்துக் குப்பையில கொட்டறவன் பேசற பாஷைங்க இது. இதக் கத்துக்கிட்டா எனக்கு என்ன புத்தி வரும்னு நெனைக்கிறீங்க?"

பதினோரு நிமிஷம்

ரோஸ்லினுடைய ரெண்டாவது நேர்காணல் தை மாசம். புகழ் பாடுவதில் அவளைத் தேற்றியிருந்தேன். குழந்தைக்குக் காற்றுக் கொடுத்த கதையை நெட்டுருப் போட்டு, கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருந்தாள். இந்தத் தடவை தப்பாது என்று தேவசகாயம் சார்கூடச் சொன்னார். அவர் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை.

தப்பியது. அந்தக் கேள்வி வரைக்கும் அவள் போகவே இல்லை. கூப்பிட்ட அமெரிக்க அம்மா, வணக்கம் சொல்கிற மாதிரி, "உங்கள் ஊரில் வெதர் எப்படி இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறாள். சும்மா ஒரு ஆரம்பத்துக்கு. ரோஸ்லின் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னாள். இப்போதைக்குப் பரவாயில்லை, ஆனால் அறுப்பு நேரத்தில் மழை பெய்துவிட்டது, பெரிய புயலில் கூரை போனது, தென்னை எழுபத்திரண்டு போனது, இன்னும் தார்ப்பாய்தான், காற்று கொஞ்சம் வேகமாக அடித்தாலே மகள் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறாள் என்று ஆரம்பித்து, பதினோரு நிமிஷம் பேசி, கடைசியில் அழுதும் விட்டாள். அந்த அம்மா பயந்துபோய், "நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டு, இன்னொரு நாள் பேசலாம் என்று வைத்துவிட்டாள். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை. தேறவில்லை என்று கடிதம் வந்தது.

என் மேல்தான் தப்பு. எத்தனையோ செய்தி படிக்க வைத்தேனே, இதைச் சொல்லிக்கொடுக்கத் தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஏஜென்சிக்குப் போன் பண்ணி, அவள் இங்கிலீஷில் என்ன குறை என்று சண்டைக்குப் போனேன். போனை எடுத்த பையன் ரொம்ப மரியாதையாகப் பதில் சொன்னான்.

"இங்கிலீஷ்ல ஒரு கொறையும் இல்ல மேடம். நம்ம வேலைக்கு ஆள் எடுக்கறமா, நிவாரணம் குடுக்கறமான்னே அந்தம்மாவுக்குச் சந்தேகம் வந்துடுச்சாம்."

பெருச்சாளி

அதே மாசக் கடைசியில் ஒரு செய்தி வந்தது. அமெரிக்காவில் ஒரு ஊரில் பெருச்சாளி மாதிரி ஒரு பிராணியை வளையிலிருந்து வெளியே எடுத்து, கோட்டுப் போட்ட பெரிய மனுஷர்கள் சுற்றி நின்று, அது தன் நிழலைப் பார்க்கிறதா என்று கவனிப்பார்கள். பார்த்தால் குளிர் நீடிக்கும். பார்க்காவிட்டால் சீக்கிரம் முடியும். வருஷா வருஷம் நடக்கும். டிவியில் காட்டுவார்கள். அவர்களும் அதை விளையாட்டாகத்தான் செய்கிறார்கள் என்று நான் எவ்வளவோ சொன்னேன்.

எங்கள் கிளாஸில் யாரும் சிரிக்கவில்லை. இங்கே வானிலை விளையாட்டு இல்லையே. தை அறுப்பில் மழை வரும் என்று யாரும் சொல்லாமல், நெல் படுத்து முளைத்துப்போய், கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் அதிகம் என்று திருப்பி அனுப்பி, கோவிந்தராசு அந்த வாரம்தான் நெல்லை ரோட்டில் கொட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தார். படத்தை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார்.

"கோட்டுப் போட்டவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க டீச்சர். அந்த ஜந்து ஒண்ணுதான் நம்ம ஊர்ல இல்ல. ஒரு வாரத்துக்கு அனுப்பி வைக்கச் சொல்லுங்க."

மூன்றே பதில்

பங்குனியில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். வானிலை பற்றிச் சும்மா பேசுவது எப்படி என்பதற்கென்றே தனியாக ஒரு பாடம். போர்டில் கொட்டை எழுத்தில் எழுதினேன். அமெரிக்காக்காரன் வெதர் எப்படி என்று கேட்டால் அவனுக்கு வெதர் தெரிய வேண்டியதில்லை. யாரையும் புண்படுத்தாத பேச்சு என்றுதான் அதை எடுக்கிறான். அதற்குப் பதில் மூன்றே மூன்று. 'பியூட்டிஃபுல், தேங்க் யூ.' 'கொஞ்சம் சூடு.' 'கொஞ்சம் குளிர்.' சொல்லிவிட்டுச் சிரிக்கணும். உடனே 'அங்கே எப்படி?' என்று திருப்பிக் கேட்கணும். அவ்வளவுதான் பாடம். பச்சைக் குழந்தைகூடக் கற்றுக்கொள்ளும்.

நாலு நாள் நடந்தது அந்தப் பாடம். கோவிந்தராசுவைக் கேட்டால் 'பியூட்டிஃபுல்' என்று ஆரம்பிப்பார். அடுத்த வார்த்தை மேட்டூரில் எத்தனை அடி தண்ணீர் என்பதாக இருக்கும். இன்னொரு பெண் 'கொஞ்சம் சூடு' என்றாள். சொன்ன வாயோடு உளுந்து கருகிப்போனதைச் சொன்னாள். ரோஸ்லின் 'பியூட்டிஃபுல்' வரைக்கும் வந்து நின்றுவிடுவாள். வாய் சிரிக்கும். கண் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்க்கும். "வானத்தைப் பார்க்காதேடி, என்னைப் பாரு" என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன். நானும் இந்த மண்ணில் பிறந்தவள்தான். அறுப்பு நாளில் இருட்டிக்கொண்டு வந்தால் எங்கம்மா வாசலில் நின்று மாரடிப்பாள். அவளிடம் யாராவது வெதர் எப்படி என்று கேட்டிருந்தால் அரிவாளைத்தான் தூக்கியிருப்பாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் கத்தினேன்.

பயிற்சி, பயிற்சி என்று புரட்டி எடுத்தேன். கிளாஸுக்குள் வருகிறவர்கள் வணக்கத்துக்குப் பதிலாக வெதர் விசாரிக்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். நனைந்துகொண்டு வந்தாலும் 'பியூட்டிஃபுல்'. வேர்த்துக் கொட்டினாலும் 'பியூட்டிஃபுல்'. சித்திரை முடிவதற்குள் ரோஸ்லினுக்கு அது படிந்துவிட்டது. அழகாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள். நான் கை தட்டினேன். கோவிந்தராசு மட்டும் கை தட்டவில்லை. இது பொய் இல்லை, ஒரு மரியாதை என்று அவருக்கு விளக்கினேன்.

"மரியாதைதாங்க டீச்சர், இல்லேங்கல. கலெக்டர் ஆபீஸ்லயும் எங்களுக்கு இதே மரியாதைதான் நடக்குது."

சிரித்தவர்

புரட்டாசியில் அமெரிக்காவில் ஒரு கடலோர ஊரில் புயல். செய்திக்கு நடுவே ஒரு ஆளைக் காட்டினார்கள். அவர் வீடு இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் இருந்தது. அதன் மேல் அரைக்கால் சட்டையோடு நின்றுகொண்டு, மைக்கைப் பார்த்துச் சிரித்து, "இதைவிட மோசமாக நடந்திருக்கலாம். இன்சூரன்ஸ் இருக்கிறது, திரும்பக் கட்டிக்கொள்வோம்" என்றார். நான் வேண்டுமென்றேதான் அதை எடுத்தேன். பார், புயலைப் பற்றிக்கூட இப்படிப் பேசலாம் என்று ரோஸ்லினுக்குக் காட்ட ஆசை. எவ்வளவு மடத்தனம் என்று பாருங்கள்.

ரோஸ்லின் அந்தத் துண்டை மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தாள். அவர் சொன்னதை அவள் நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே எத்தனை தென்னை போனது என்று போட்டிருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். தார்ப்பாய் எப்போது கொடுப்பார்கள் என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன். தேவசகாயம் சார் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். ஐந்தாவது தடவை போட்டுப் பார்த்துவிட்டு அவள் போனைக் கீழே வைத்தாள்.

"வீடு போன அன்னிக்கே சிரிக்கறாரே மிஸ். இது அவங்களுக்குப் பள்ளிக்கூடத்துலயே சொல்லிக் குடுத்துடுவாங்களா?"

மூன்றாவது தடவை

கடைசி நேர்காணல் கார்த்திகையில் வந்தது. மாலை ஆறரை மணிக்கு. ரோஸ்லின் இருந்த விடுதியில் சிக்னல் கிடையாது, அதனால் எங்கள் கிளாஸிலேயே வைத்துக்கொண்டோம். ஆஸ்பெஸ்டாஸ் கறை தெரியாமல் சுவரில் நான் ஒரு புதுப் போர்வையைத் தொங்கவிட்டேன். தேவசகாயம் சார் தன் லேப்டாப்பையும் பேரன் ஹெட்போனையும், நாங்கள் கேட்க இன்னொரு இயர்போனையும் கொண்டுவந்தார். எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. அன்றைக்கு நாகப்பட்டினம் கடற்கரைக்கு ரெட் அலர்ட். காலையிலேயே வேதாரண்யம் பக்கத்துக் கிராமங்களில் மைக் வைத்து, எல்லாரும் புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். ரோஸ்லின் கிளம்பிப் பார்த்தாள். பஸ் நின்றுவிட்டது. ஏஜென்சியிடம் நாளைத் தள்ளிப் போடச் சொல்லிக் கெஞ்சினாள். இன்றைக்கு இல்லையென்றால் இனி இல்லை என்றார்கள். நாலு மணிக்கு ஜெனி போனில் பேசினாள். "அம்மா, இங்க எல்லாருக்கும் உப்புமா குடுத்தாங்க" என்றாள். அதோடு லைன் போனது. அப்புறம் அந்தப் பக்கத்து எந்த நம்பரும் போகவில்லை.

"அங்க போகவும் முடியாது, இதையும் விட்டுடாதே" என்று நான்தான் அவளை உட்கார வைத்தேன். பயிர் மூழ்கிப்போனதைச் சொல்ல கலெக்டர் ஆபீசுக்கு வந்த கோவிந்தராசு, ஊருக்குப் போக பஸ் இல்லாமல், சொட்டச் சொட்ட நனைந்து எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். கூரையில் மழை அடித்த அடியில் பக்கத்தில் பேசுவது கேட்கவில்லை. நல்லவேளை, ஹெட்போன் மைக்கில் அது விழவில்லை. திரையில் வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டின ஒரு அம்மா, கையில் காபி கப்போடு வந்தாள். சிரித்தாள். கேட்டுவிட்டாள். "ஹவ்ஸ் த வெதர் ஓவர் தேர்?"

ரோஸ்லின் நிமிர்ந்து, கேமராவில் படாமல் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லுடி என்று கத்திவிடலாமா என்று எனக்குத் துடித்தது. கத்தவில்லை. நான்தானே சட்டம் போட்டவள். அவள் வானத்தைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்து, பல் தெரிய, கண்ணும் சேர்ந்து சிரிக்க, "பியூட்டிஃபுல், தேங்க் யூ! ஹவ் அபௌட் யுவர்ஸ்?" என்றாள். அந்த அம்மா தன் ஊர் வெயிலைப் பற்றியும் மரத்து இலையெல்லாம் உதிர்ந்துவிட்டதைப் பற்றியும் சொல்லிச் சிரித்தாள். இவளும் சிரித்தாள். அதற்கப்புறம் எல்லாம் வாய்க்கால் மடை திறந்த மாதிரி ஓடியது. குழந்தைக்குக் காற்றுக் கொடுத்த கதையைக் கேட்டு அந்த அம்மா காபியைக் கீழே வைத்துவிட்டாள். முடிக்கும்போதே, கடிதம் வரும், எங்களோடு சேருங்கள் என்று சொல்லிவிட்டாள். தேவசகாயம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. ஹெட்போனைக் கழற்றாமலே போனை எடுத்து அம்மா நம்பரைப் போட்டாள். போகவில்லை. மறுபடி போட்டாள். மறுபடி. அப்புறம் என்னைப் பார்த்தாள். முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் அப்படியே இருந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"எம் பொண்ணு உசுரோட இருக்காளா இல்லையான்னு தெரியாமயே பியூட்டிஃபுல்னு சொல்லிட்டேன் மிஸ். நல்லா சொன்னேனா?"

இப்போது

மறுநாள் பதினோரு மணிக்கு லைன் கிடைத்தது. அம்மாவும் ஜெனியும் பத்திரம். தார்ப்பாய்தான் போயிருந்தது. அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் விசாக் காகிதம் ஓடியது. ரோஸ்லின் காகிதம் எல்லாம் வந்தது, ஜெனியினுடையது வரவில்லை. அப்பன் கையெழுத்து வேண்டுமாம். திருப்பூரில் அவன் இருந்த தெருவுக்கு நானும் தேவசகாயம் சாரும் ரெண்டு தடவை போய் விசாரித்துவிட்டோம். இந்த வீட்டில் இருந்தான், அந்த வீட்டுக்குப் போனான் என்கிறார்களே தவிர ஆள் அகப்படவில்லை. கோர்ட்டில் போட்டிருக்கிறது, நடக்கிறது. கிடைத்த வேலையை விட்டால் போய்விடும் என்று ரோஸ்லின் முதலில் தனியாகக் கிளம்பினாள். திருச்சி ஏர்போர்ட்டில் நான் மறுபடியும் அதே வெளிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், இந்தத் தடவை இன்னொரு கையில் ஜெனி.

அவள் அனுப்பிய பணத்தில் ஊரில் கான்கிரீட் போட்டாயிற்று. பறக்காத கூரை இப்போது இருக்கிறது. அதற்குக் கீழே ஜெனி இருக்கிறாள், பத்து வயசாகிறது. ரோஸ்லின்தான் இல்லை. கோவிந்தராசு இப்போதும் கிளாஸுக்கு வருகிறார். மேடையில் என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்று கண்டுபிடித்துவிட்டீர்களா என்று போன மாசம் கேட்டேன். "கண்டுபிடிச்சிட்டேங்க. கத்துக்காமயே இருந்திருக்கலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ரோஸ்லின் வீடியோவில் வருவாள். போன வாரம் முகம் வீங்கியிருந்த மாதிரி இருந்தது. பின்னால் ஜன்னலில் ஒரே சாம்பல் நிறம். வெளியே பனியா இருட்டா என்று தெரியவில்லை. சாப்பிட்டாளா, தூங்கினாளா, அழுதாளா, ஒன்றும் பிடிபடவில்லை. நேராகக் கேட்கப் பயமாக இருந்தது. "எப்படிடி இருக்கே? அங்க வெதர் எப்படி?" என்றேன். உடனே நிமிர்ந்தாள், திரையை நேராகப் பார்த்தாள், பல் தெரியச் சிரித்தாள்.

"பியூட்டிஃபுல், தேங்க் யூ மிஸ்! அங்க எப்படி?"

ஏழு வருஷத்தில் நான் உருப்படியாகச் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு பாடம், அதையும் ஒரே ஒருத்திதான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டாள், அதன் பலனாக அவள் எப்படி இருக்கிறாள் என்பது இனி எனக்குத் தெரியப்போவதே இல்லை.